உன் பெயர் போட்ட பனியன்

ஆல்டன்ஃபீல்ட், ஒஹாயோ
பிப்ரவரி 12, 2025

அபி,

நீ என் நம்பரை ப்ளாக் பண்ணிவிட்டாய் போலிருக்கிறது. வாட்ஸ்அப்பில் உன் படம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தலை ஒன்றுதான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் தாள் வாங்கினேன், பேனா வாங்கினேன். ஸ்டாம்பு கேட்கப் போனபோது தபாலறைக்காரர், "இந்தியாவுக்கா? கையால் எழுதியதா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

வெளியே பனி கொட்டுகிறது. அப்பா கம்பெனி நிட்டிங் ஹாலில் பஞ்சுத் தூசி பறக்குமே, அதேதான், மிஷின் சத்தம் மட்டும் இல்லை. முதல் வருஷம் இதைப் பார்த்தபோது தும்மல் வந்துவிடும் என்று துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு நின்றேன். ஓட்ட டீமில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போனில் நான் கத்தியதைத் தள்ளி வை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நவம்பரில் நான்தான் உன்னிடம் கேட்டேன், டீமுக்கு இருபத்தைந்து பனியன் தைத்து அனுப்பு என்று. முன்னால் எங்கள் கல்லூரிச் சின்னமான நாரையும் கல்லூரிப் பெயரும், பின்னால் என் பெயர் தமிழில். அந்த எழுத்துகள் வளைந்து வளைந்து அழகாக இருக்கின்றன, அதுவேதான் வேண்டும் என்று பெண்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நீ அனுப்பினாய். பிரித்த அன்று ஹாஸ்டலே நீலமாக இருந்தது. வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் ஒன்றை உள்பக்கம் திருப்பித் தையலை இழுத்துப் பார்த்ததுதான். நம் ஊர்ப் புத்தி எங்கே போகும்?

போன வாரம் ஒரு ரீல் வந்தது. காதர்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் அதே பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரிஜினல் அமெரிக்கா காலேஜ் பீஸு, எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், எல்லா சைஸும் இருக்கு" என்று சொல்லி முதுகைத் திருப்பிக் காட்டுகிறார். என் பெயர்! இங்கே எம்.பி.ஏ. படிக்கும் கோயமுத்தூர்ப் பையன் சிரித்துக்கொண்டே எனக்கு அனுப்பினான். சாயங்காலத்துக்குள் அது மிஸ் ஹாலண்ட் மேஜைக்குப் போய்விட்டது. விளையாட்டுக்காரர்கள் விதிப்படி நடக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

நான் இங்கே பிசினஸ் படிப்பது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் எண்ணூறு மீட்டர் ஓடுவதற்குக் கிடைக்கும் உதவித்தொகையில்தான். மாணவர் விசாவில் இருக்கிறவள் தன் பெயரை வைத்து ஒரு பைசா சம்பாதிக்கக் கூடாது. கல்லூரி நாரையை அனுமதி இல்லாமல் யாரும் விற்கவும் கூடாது. விசாரணை முடியும் வரை நான் பயிற்சி செய்யலாம், போட்டியில் ஓட முடியாது. மே மாதம் எங்கள் வட்டாரக் கல்லூரிகளின் இறுதிப் போட்டி. மூன்று வருஷமாகத் தினமும் அதற்காகத்தான் எழுந்திருக்கிறேன்.

அந்தப் பனியன்கள் எப்படிக் கடைக்குப் போயின, அபி? தயவுசெய்து திரும்ப வாங்கு. நேற்றுக் கனவில் நொய்யல் ஆற்றங்கரை நெடுகக் கொடி கட்டி எல்லாப் பனியனும் காய்ந்தது. காற்று அடித்ததும் நாரைகள் மட்டும் கிளம்பிப் போய்விட்டன, துணி மிச்சமாக நின்றது.

நித்யா

*

வேலம்பாளையம்
மார்ச் 1, 2025

மிஸ் நித்யஸ்ரீ தனபால் அவர்களுக்கு,

போஸ்ட்மேன் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு, "அமெரிக்காவுல இருந்து வந்திருக்குதுங்க, கல்யாணப் பத்திரிகைங்களா?" என்று கேட்டார். இல்லை, சண்டை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். இருபத்தைந்து பனியனுக்கு எந்தச் சாயப்பட்டறைக்காரர் தனியாக நீலம் போட்டுத் தருவார்? ஒரு ரோல் முழுசாகப் போட்டோம். கட்டிங் மாஸ்டர் தவசி அண்ணன் டேபிளில் துணியை விரித்தார். ஆர்டர் எத்தனையோ அதற்கு மேல் கொஞ்சம் கூட்டித்தான் எப்போதும் வெட்டுவார். ஊசி ஓட்டை விழும், எண்ணெய்க் கறை படும், சாயம் ஒரு பக்கம் வெளிறும். முதலாளி மகளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் ஊரில் எண்ணி வைத்தாற்போல் வெட்டுகிறவனை யாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. அன்றைக்கு அண்ணன் கொஞ்சம் கூட்டவில்லை, ரோலையே வெட்டிவிட்டார். ஏன் என்று கேட்டால், "நம்ம பாப்பா பேருல்ல தாயி, துணிய மிச்சம் வைக்க மனசு வரல" என்கிறார். ஸ்கிரீன் தயாராக இருந்தது, பிரிண்ட்டும் அடித்துவிட்டார்கள்.

உனக்கு அனுப்பியது போக மீதி சர்ப்ளஸ் மூலைக்குப் போயிற்று. பொங்கலுக்கு நான் எங்கள் ஊர் மானாமதுரைக்குப் போயிருந்தேன். மிச்சச் சரக்கு வாங்க வழக்கமாக வரும் வண்டி வந்தது, வழக்கம்போல் மூட்டை ஏறிற்று. உன் பெயரை யாரும் விற்கவில்லை நித்யா. மூட்டை போயிற்று, அவ்வளவுதான்.

இனி நான் கேட்கிறேன். போனில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "உங்க ஆளுங்கதான் வித்திருப்பாங்க." உங்க ஆளுங்க. தவசி அண்ணன் எங்கள் ஊர்க்காரர். கடைக்காரர் அந்தோணிராஜ் எங்கள் தெருக்காரர். நான் யார் என்று நீயே சொல்லிவிட்டாய். உன் ஸ்கூல் ஓட்டத்துக்கு அரைக்கால் சட்டை தைக்க இடுப்பு அளவெடுத்தவர் அந்த ஆளுங்களில் ஒருவர்தான். விஷயம் காதுக்குப் போனதிலிருந்து, நான்கு நாளாக, அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.

உங்கப்பாவுக்கு ரீல் மட்டும்தான் தெரியும். பார்க்கிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "நம்ம புள்ளை பேரு காதர்பேட்டையில ஓடிட்டு இருக்குதுங்க" என்கிறார். நீ ஓடவில்லை என்பது தெரியாது. அதை நீ சொல்வாயா, நான் சொல்ல வேண்டுமா?

பனியன்களைத் திரும்ப வாங்குகிறேன். உனக்காக இல்லை, அண்ணன் சாப்பிட வேண்டும்.

அபிராமி
மெர்ச்சண்டைசர்

*

ஆல்டன்ஃபீல்ட்
மார்ச் 10, 2025

அபி,

"மெர்ச்சண்டைசர்" என்று, ஆர்டர் பார்க்கிற உன் வேலைப் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை நான்கைந்து தடவை வாசித்தேன். மற்றதை வாசிக்கப் பயமாக இருந்தது.

அந்த வார்த்தையை நான் சொன்னேன். வாயிலிருந்து விழுந்ததும் எடுக்க நினைத்தேன், நீ போனை வைத்துவிட்டாய். மன்னித்துக்கொள் என்று எழுதினால் தாளில் அது சின்னதாகத் தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். தவசி மாஸ்டரைச் சாப்பிடச் சொல்.

வகுப்பில் ஒரு வேடிக்கை. பேராசிரியர் என் விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஊர் பெயர் சொல்லாமல் அதையே பாடமாக எடுத்துவிட்டார். "கேட்டதற்கு மேல் ஏன் வெட்டினார்கள்?" என்று கேட்டார். ஒருவன் திருட்டு என்றான். ஒருத்தி நிர்வாகக் கோளாறு என்றாள். நான் எழுந்து, அது எங்கள் ஊரில் மரியாதை என்றேன். யாருக்கும் புரியவில்லை. உட்கார்ந்த பிறகு எனக்கே புரிந்ததா என்று சந்தேகம் வந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று மூன்று நாளாகத் தெரியவில்லை. மிஸ் ஹாலண்ட் நல்ல மாதிரி. நான் ஓட வேண்டும் என்றுதான் அவரும் பார்க்கிறார். ஒரு வழி சொன்னார். எனக்குத் தெரியாமல் ஒரு மூன்றாம் நபர் இந்தப் பனியன்களைத் தயாரித்தார் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரி வக்கீல் கம்பெனிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவார். அது போய்ச் சேர்ந்ததும் நான் ஓடலாம். மே போட்டிக்குத் தடை இல்லை.

அதில் உன் பெயர் வராது அபி. மூன்றாம் நபர் என்று மட்டும்தான். வெறும் காகிதம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ என்ன சொல்கிறாய்?

நேற்றும் கனவு. நம் நிட்டிங் ஹாலுக்குள் ஓடுகிறேன், மிஷின்கள் இரண்டு பக்கமும் சுற்றுகின்றன, தரையெல்லாம் பனி. முன்னால் ஒரு பெண் ஓடுகிறாள். முதுகில் என் பெயர் இருக்கிறது. கூப்பிட வேண்டும், ஆனால் என் பெயரை நானே எப்படிக் கூப்பிடுவது?

நித்யா

*

வேலம்பாளையம்
மார்ச் 26, 2025

நித்யா,

கையெழுத்துப் போடு.

நோட்டீஸ் வந்தால் இங்கே என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு போடு. அதன் நகல் நமக்கு ஆர்டர் தரும் பையருக்குப் போகும். அடுத்தவர் முத்திரையை அச்சடித்து விற்ற கம்பெனி என்று கேள்விப்பட்டால் எந்தப் பையரும் ஆர்டர் தர மாட்டான். அவனைச் சமாதானப்படுத்த உங்கப்பா யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி அவரை வெளியே அனுப்பியாக வேண்டும். தவசி அண்ணன் பெயரைச் சொல்ல நான் விட மாட்டேன். ஆர்டர் ஷீட்டில் இருக்கும் கையெழுத்து என்னுடையது.

அதனால் உனக்கு மூன்றாம் நபர் என்றால் உங்கப்பாவுக்கு நான் முதல் நபர். பயப்படாதே, வேலம்பாளையத்தில் மெர்ச்சண்டைசருக்கு வேலை கிடைக்காமல் போகாது.

பனியன்களில் பாதிக்கு மேல் திரும்ப வந்துவிட்டது. அந்தோணிராஜ் அண்ணன் ரீலை அழித்துவிட்டார். "சர்ப்ளஸ்ல பேரப் பாத்தா வாங்குவாக? கலரப் பாத்து வாங்குவாக" என்று ஒரே புலம்பல்.

போய் ஓடு.

அபிராமி

*

ஆல்டன்ஃபீல்ட்
ஏப்ரல் 8, 2025

அபி,

உன் கடிதம் வந்து சட்டைப் பையிலேயே இருக்கிறது. கையெழுத்துப் பற்றி இன்றைக்கு எழுதப் போவதில்லை. வேறு எதையாவது எழுதுகிறேன், நீ படி.

பனி போய்விட்டது. டிராக்குக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அதில் உண்மையான நாரை ஒன்று வருகிறது. மூன்று வருஷமாக நெஞ்சில் நாரையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன், ஒன்றை நேரில் பார்த்தது இப்போதுதான். போட்டிகள் நடக்கும்போது எனக்கு வேலை இல்லை அல்லவா, குளத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அது ஒற்றைக் காலில் நிற்கிறது, நான் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு சும்மா இருக்கிறேன். தூரத்தில் ஓட்டம் தொடங்கும் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என் முட்டி தானாகத் துள்ளுகிறது. அதைப் பார்த்துத்தான் நாரை பறக்கிறது என்று நினைக்கிறேன்.

உனக்குக் கோன் ஞாபகம் இருக்கிறதா? ஸ்கூலில் ரிலே ஓட்டத்தில் கைமாற்றும் பேட்டனை வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்று, கம்பெனியில் நூல் தீர்ந்த கோனின் அட்டைக் குழாயை எடுத்துக்கொண்டு பின் சந்தில் பழகுவோமே. ஞாயிற்றுக்கிழமை மிஷின் எல்லாம் நின்றிருக்கும். நீ மூன்றாவது, நான் நான்காவது. அந்தக் குழாய் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். நீ ஓடி வருகிற வேகத்திலும் ஒடுக்கமான பக்கத்தைத் திருப்பித்தான் என் கையில் வைப்பாய். பிடிக்கச் சுலபம் என்று. ஒரு நாளும் நான் உன்னிடம் அப்படிச் செய் என்று கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இங்கே வந்து பேட்டனை மறுபடி கையில் பிடித்து, அதில் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்பதைக் கவனித்த பிறகுதான், எனக்கு அது உறைத்தது.

நீ ஓடுவதை நிறுத்திக் கம்பெனிக்கு வேலைக்கு வந்த அன்று நான் உன்னிடம் என்ன பேசினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. நீ என்ன சட்டை போட்டிருந்தாய் என்பது மட்டும் தெரிகிறது. மஞ்சள்.

பனியன்களைத் தேடிப் போகும்போது யார் யார் போட்டிருந்தார்கள் என்று எழுதேன். அவர்கள் அந்தப் பெயரை வாசிப்பார்களா? அப்பா எப்படி இருக்கிறார்?

நித்யா

*

வேலம்பாளையம்
ஏப்ரல் 20, 2025

நித்யா,

உன் நாரைக்கு வேலை இல்லை, எனக்கு இருக்கிறது. இருந்தாலும் கேட்டாய், எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் புதுப் பனியன் மூட்டையை வைத்துக்கொண்டு கிளம்புவேன். உன் பனியனைக் கொடுத்தால் காலர் வைத்த நல்ல பனியன் ஒன்று தருவேன். தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் இளநீர் வெட்டுகிறவர் ஒருவர் போட்டிருந்தார். "இது என்ர மகன் ஆசையா வாங்கியாந்ததுங்க. கழட்டிக் குடுத்துட்டு நான் என்னத்தப் போட்டுக்கறதுங்க?" என்றார். புதுசைக் காட்டியதும் அங்கேயே மாற்றிக்கொண்டு, எனக்கு ஒரு இளநீரும் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. உன் பெயரை வாசித்திருக்கிறாரா என்று கேட்டேன். "முதுகுல இருக்கறது நமக்கெங்கீங்க தெரியுது" என்றார்.

பெருமாநல்லூரில் தீ மிதிக்கும் குண்டம் திருவிழாக் கூட்டத்தில் ஒருத்தன் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். மஞ்சள் துணிகளுக்கு நடுவே நீலமாக உன் பெயர் மட்டும் தெரிகிறது, மறைகிறது, மறுபடி தெரிகிறது. வெயில், மேளம், புகை. அவனைத் துரத்தியபோது ஒரு கணம் நீதான் முன்னால் போகிறாய் என்றே நினைத்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை, "ஏய் நித்யா, நில்லுடி" என்று கூப்பிட்டேன். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. பிடிக்க முடியவில்லை.

பீகார்ப் பையன் ஒருவன் அவன் தம்பிக்கு ஊருக்கு அனுப்பிவிட்டானாம். ஆகவே உன் பெயர் பீகாரில் ஏதோ ஒரு வீட்டுக் கொடியில் காய்கிறது. அங்கே அதை யார் வாசிப்பார்கள்?

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ராமாயி என்று ஒரு பெண், மாசமாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அதைத்தான் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் துவைத்து மடித்து எடுத்து வந்தாள், ஆனால் கையில் தராமல் நின்றாள். "யாரு பேருன்னு தெரியாதுக்கா. ஆனா பேரு நல்லா இருக்கு. பொம்பளப் புள்ள பொறந்தா இதையே வச்சுருவோம்னு அவரு சொல்லிக்கிட்டு இருக்காரு" என்றாள். நான் வாங்கவில்லை. உன் மிஸ் ஹாலண்டிடம் ஒன்று குறையும் என்று சொல்லிவிடு.

உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ ஓடாமல் இருப்பது, நோட்டீஸ், எல்லாம். கட்டிங் டேபிள் மேல் கிடந்த துணியை நீவி மடித்தார். அப்புறம் சொன்னார்: "எழுதிக் குடுத்துட்டு ஓடச் சொல்லு கண்ணு. கம்பெனி போனா இன்னொண்ணு வெச்சுக்கலாம். இவளுக்கு ஓட்டம் போச்சுன்னா எங்க போயி வாங்கறது?" அவர் உன் ஓட்டத்தை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். எப்போதும் ஷிப்மென்ட் அனுப்பும் அவசரம். ஆனால் அன்று சொன்னதை மனதாரச் சொன்னார்.

அதனால் மறுபடியும் சொல்கிறேன், கையெழுத்துப் போடு. போன தடவை கோபத்தில் சொன்னேன். இப்போது கோபமில்லாமல் சொல்கிறேன்.

அந்த மஞ்சள் சட்டை கிழிந்துபோய் ரொம்ப நாளாகிறது. அன்று நீ ஒன்றும் பேசவில்லை. கேட் வரைக்கும் கூட வந்தாய்.

அபி

*

ஆல்டன்ஃபீல்ட்
மே 3, 2025

அபி,

நீ எவ்வளவு சொன்னாலும் கேட்காதவள் நான் என்று உனக்குத் தெரியும்தானே?

மிஸ் ஹாலண்ட் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் ஒன்று எழுதினேன். பனியன் வேண்டும் என்று கேட்டது நான். நாரைப் படத்தை அனுப்பியது நான். எங்கள் ஊரில் கூட்டித்தான் வெட்டுவார்கள் என்று தெரிந்தும், மிச்சத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் இருந்ததும் நான். யாரும் என் பெயரால் சம்பாதிக்க நினைக்கவில்லை, விற்றதை ஒருத்தி வெயிலில் அலைந்து திரும்ப வாங்கியிருக்கிறாள்.

வாசித்துவிட்டு அவர் கேட்டார், "இந்த அபிராமி உங்களுக்கு யார்? உறவா? கம்பெனி ஊழியரா?" நான் ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்டினால் கோனை வைக்கிறவள் என்றேன். கோன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியிருந்தது. மேஜையில் இருந்த தாளைச் சுருட்டி, அகலமான பக்கம், ஒடுக்கமான பக்கம் எல்லாம் காட்டினேன். அவர் அந்தச் சுருளைக் கையில் வாங்கிப் பார்த்தார். ராமாயியின் பனியனைப் பற்றியும் சொன்னேன். குழந்தை பிறந்ததும் தனக்குச் சொல்ல வேண்டுமாம்.

முடிவு நேற்று வந்தது. கம்பெனிக்கு நோட்டீஸ் இல்லை. நீயும் மாஸ்டரும் இருக்கும் இடத்திலேயே இருக்கிறீர்கள். என் படிப்பும் போகவில்லை. ஆனால் அனுமதி இல்லாமல் பனியன் போடச் சொன்னதற்கு இந்தப் பருவம் முழுக்க நான் வெளியே உட்கார வேண்டும். மே போட்டி இல்லை. கோச் என்னோடு பேசுவதில்லை, தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் நீட்டுகிறார்.

தைரியமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நேற்று ஸ்பைக் ஷூவைக் கழுவி ஜன்னலில் வைத்துவிட்டு அழுதேன். மூன்று வருஷம் அபி. கண்ணை மூடினால் கடைசி வளைவு வருகிறது, அதில் நான் இல்லை.

இறுதிப் போட்டி 17ஆம் தேதி சனிக்கிழமை, இரவு எட்டு மணிக்கு. அங்கே உனக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம். நான் கேலரியில் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் ஒரு தடவை என்னை நினைத்துக்கொள். பீகாரில் காயும் பனியனைத்தான் நான் தினமும் கனவில் பார்க்கிறேன். அங்கே மழை வந்தால் யாராவது எடுத்து உள்ளே போடுவார்களா?

அப்பாவிடம் நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்.

நித்யா

*

வேலம்பாளையம்
மே 18, 2025, ஞாயிறு

நித்யா,

உன் நம்பரை ப்ளாக்கிலிருந்து விடுவித்துவிட்டேன். கூப்பிடலாம்தான். ஆனால் இதைப் போனில் சொன்னால் பாதியில் உளறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வியர்வை இன்னும் காயவில்லை, தாளில் ஈரம் பட்டால் அது அழுகை இல்லை.

திரும்ப வந்த பனியன்களை எல்லாம் மிஷின் துடைக்கும் துணியாக வெட்டிவிடச் சொல்லி உங்கப்பா சொல்லியிருந்தார். தவசி அண்ணன் ஒன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார். முன்பக்கத்தைப் பிரித்து, நாரையை எடுத்துவிட்டு, வெறும் நீலத்துணி வைத்துத் தைத்திருக்கிறார். "நாரை அவுகளுது. பேரு நம்ம பாப்பாவுது. இத எவன் கேக்க முடியும்?" என்று என் கையில் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை உங்கப்பாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். இன்று விடியற்காலை அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு நான் நம் ஸ்கூல் கிரவுண்டுக்குப் போனபோது, கேட்டுக்கு வெளியே கார் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உங்கப்பா நிற்கிறார், பக்கத்தில் தவசி அண்ணன். யார் யாரைக் கூட்டி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. "அங்க இப்ப மணி எட்டாயிருக்குமுங்களா?" என்று உங்கப்பா தவசி அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அதற்குள் நான் ஓடத் தொடங்கும் கோட்டில் போய் நின்றுவிட்டேன்.

அஞ்சு வருஷம் ஆகிறது ஓடி. துப்பாக்கி இல்லை, விசில் இல்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்தது, அதற்கு ஓடினேன். உன் எண்ணூறு மீட்டர், இரண்டு ரவுண்டு. முதல் ரவுண்டு ஏதோ போயிற்று. மண்ணெல்லாம் பனி ஈரம், வேப்பம்பூ வாசனை, கால் என்னுடையதா என்றே தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் நீ இருக்கிறாய் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். இருந்தாய், அவ்வளவுதான். இரண்டாவது ரவுண்டில் விலா பிடித்துக்கொண்டது. எதிர்ப்பக்க வளைவில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் இளநீர்க்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. என் முதுகில் இருப்பது எனக்குத் தெரியாது. பின்னால் நிற்கிற இரண்டு பேருக்கும் அது மட்டும்தான் தெரியும். அங்கே உன்னை உட்காரவைத்துவிட்டார்கள், இங்கே உன் பெயரையும் நான் நிறுத்தினால் எப்படி? நிறுத்தவில்லை.

முடித்துவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நேரம் எவ்வளவு என்று கேட்காதே, யாரும் மணி பார்க்கவில்லை. அங்கே யார் ஜெயித்தது என்றும் எனக்குத் தெரிய வேண்டாம்.

இந்தக் கடிதத்தோடு வரும் பார்சலில் ஒரு கோன் வைத்திருக்கிறேன். அடுத்த பருவம் நீ ஓடும்போது பையில் போட்டுக்கொள்.

இதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கப்பா மெதுவாக நடந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்துத் தீரவில்லை. தவசி அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். உங்கப்பா என் முன்னால் குனிந்து, "முடிஞ்சுதா கண்ணு?" என்றார். முடிந்தது என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"முடிஞ்சா இன்னொருக்கா ஓடு கண்ணு. மொதல்ல எனக்கொண்ணுமே சரியாத் தெரியலை."

எழுந்து ஓடினேன்.

அபி